கோகோலின் பரிசோதகரும் எமது மாகாண சபையும்

நிக்கொலாய் கோகோலின் 'அரசாங்கப் பரிசோதகர்' நாடகம் 1836ஆம் ஆண்டில் முதன்முதலாக மேடையேறியது. ஊழலைப் பற்றிய இலக்கியம் என்றதும் நினைவுக்கு வரும் படைப்புகளுள் அது தலையாயது. அண்மையில் தீவகத்துப் பாடசாலை ஒன்றின் உயர்தர வகுப்பில் அதன் கதையை விரித்துரைத்தேன். தலைநகரிலிருந்து பரிசோதகர் ஒருவர் இரகசியமாக வருகிறாரென அறிந்து மாகாண நகரமொன்றின் அதிபதி நடுங்குகிறான். நோயாளருக்குச் சுத்தமான தொப்பி அணிவிக்கச் சொல்கிறான். ஐந்தாண்டுகளுக்கு முன் பணம் ஒதுக்கியும் கட்டப்படாத தேவாலயத்தைப் பற்றிக் கேட்டால், கட்டத் தொடங்கி எரிந்துபோயிற்று எனக் கூறும்படி கற்பிக்கிறான். மாணவர் வயிறு குலுங்கச் சிரித்தனர். பெரியவர்கள் குறிகட்டுவானில் படகேறுகிறார்கள் என்ற செய்தி வந்தால் என்ன நடக்கும் என்பதைத் தீவுப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிரிப்பு அடங்கியபின் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், உண்மையான பரிசோதகர் வந்த பிறகு அந்தக் கைம்பெண்ணுக்கு நியாயம் கிடைச்சுதோ?"

அவள் கேட்டது, அதிகாரியின் ஆணையால் காரணமின்றிக் கசையடி பட்ட ஏழை விதவையைப் பற்றி. பரிசோதகனெனத் தவறாகக் கருதப்பட்ட அற்பக் குமாஸ்தா ஒருவனிடம் அவள் முறையிடுகிறாள். சன்னலூடாக மேலும் பல கைகள் மனுக்களை நீட்டுகின்றன. அவனோ சலிப்புற்று அவர்களை விரட்டச் சொல்கிறான். அதன்பின் அவளை நாம் காண்பதில்லை. இறுதியில் உண்மையான பரிசோதகர் வந்துவிட்டார் என்ற அறிவித்தல்; அனைவரும் சிலையாகி நிற்கத் திரை விழுகிறது.

இம்முடிவை நீதியின் வெற்றியெனப் போற்றுவாருடன் நான் உடன்படேன். நாடகத்தின் பலவீனமே அதுதான். போலியை அனுப்பிய அதே தலைநகரிலிருந்துதான் மெய்யானவரும் வருகிறார். கணக்குக் கேட்கும் உரிமையுடையவர் நகருக்குள் ஒருவருமில்லை. தன் நாடகத்தின் ஒரே நேர்மையான பாத்திரம் சிரிப்பே எனக் கோகோல் பின்னர் எழுதினார். மெய்தான், ஆனால் தேவாலயத்துப் பணம் எங்கே போயிற்றென்று சிரிப்பு கண்டுபிடிக்காது. வணிகர் கூட்டத்தைப் படைத்த இடத்தில் மட்டும் அவரது பார்வை ஆழமாகச் செல்கிறது. அதிபதியின் கொள்ளையைக் கண்ணீர்விட்டு முறையிடும் அவர்களே, நூறு ரூபிள் பெறாத மரத்துக்கு இருபதாயிரம் எழுதிப் பாலம் கட்டியவர்கள். ஊழல் ஒருவனுடைய பேராசை மட்டுமன்று, பலர் கூடிச் செய்யும் தொழில் என்பதை அந்த ஒரு காட்சி விளக்கிவிடுகிறது.

எமது மாகாணத்தில் நடந்தது என்ன? 2013 செப்டம்பர் 21ஆம் திகதி வாக்களித்து, 38 ஆசனங்களுள் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு மக்கள் வழங்கினர். உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்த விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். அமைச்சர்கள் மீது முறைப்பாடுகள் எழ, அவர் விசாரணைக் குழுவொன்றை அமைத்தார். எம்மவரை எம்மவரே விசாரிக்க முன்வந்த அச்செயல் பாராட்டுக்குரியது. 2017 ஜூனில் வெளிவந்த அறிக்கை, விவசாய அமைச்சர், கல்வி அமைச்சர் ஆகிய இருவர் மீதும் குற்றங் கண்டது. இருவரும் பதவி விலகினர். ஆனால் அடுத்த சில நாட்களில் நாம் பேசியது எதைப் பற்றி? முதலமைச்சருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை ஆளுநரிடம் கையளிக்கப்பட்டது. ஆதரவாளர் தெருவில் இறங்கினர். யார் பக்கம் யார் என்பதே சந்திதோறும் பேச்சாயிற்று. அறிக்கையின் பக்கங்களைப் புரட்டிய ஆசிரியர் எத்தனை பேர்? நானும் அப்போது கட்சி பிரிந்து வாதாடியவனே.

தெற்கிலும் கதை வேறல்ல. நல்லாட்சி என்ற முழக்கத்தோடு 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது; பெப்ரவரி முடியுமுன்னரே மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரம் வெடித்தது. 2022இல் மக்கள் எழுச்சி ஜனாதிபதி ஒருவரை நாட்டைவிட்டே ஓடச் செய்தது. 2024இல் ஊழலொழிப்பை முன்வைத்த தேசிய மக்கள் சக்தி, யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றை வென்றது. அவ்வாக்குகளை இன உணர்வின் வீழ்ச்சியென இகழ்வது அறியாமை. களைத்துப்போன மக்களின் நியாயமான கோபம் அது. எனினும் அதற்குள்ளும் தலைநகர்ப் பரிசோதகரை எதிர்பார்த்திருக்கும் மனம் ஒளிந்திருக்கிறது என்றே அஞ்சுகிறேன்.

ஏனெனில், மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் ஏழாண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன. தேர்தல் முறையை மாற்றும் சட்டம் 2017இல் நிறைவேற்றப்பட்டது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றமே தோற்கடித்தது. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே மாகாணத்தை நடத்தலானார். ஆளுநர் நல்லவரா கெட்டவரா என்பதன்று வினா. வாக்குக் கேட்டு வராதவரிடம் கணக்குக் கேட்பது எவ்வாறு? குறை கண்ட சபையையாவது மறுமுறை வாக்கால் தண்டித்திருக்கலாம். அந்த வாய்ப்பும் பறிபோயிற்று.

மாணவியின் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. மறுவாரம், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தை வகுப்பில் எடுத்தேன். பிரதேச சபையின் வீதிக் கணக்கையும் குடிமகன் எவரும் எழுத்தில் கேட்கலாம் என்றபோது அவர்கள் நம்பவில்லை. விண்ணப்பத்தை எப்படி எழுதுவதென்று மட்டும் அந்த மாணவி கேட்டாள். எழுதிக் காட்டினேன்.