சிவப்பு முக்கோணமும் பவுலா ரேகோவின் பெண்களும்

தியாகதுருகம் போன்ற ஊர்களில் சுவர்தோறும் சிவப்பு முக்கோணத்தைக் கண்டு வளர்ந்த தலைமுறை நம்முடையது. அருகில் தகப்பன், தாய், இரு மக்கள். நான்கு முகங்களிலும் ஒரே புன்முறுவல். அரசே வரைந்த அரசியல் ஓவியம் அது. அத்தாய் என்ன எண்ணினாள் என்பதைச் சுவர் சொல்வதில்லை.

போர்ச்சுக்கல் நாட்டில் பிறந்த பவுலா ரேகோ வேறுவிதமாக வரைந்தார். கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்க அங்கே 1998 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பு சொற்ப வித்தியாசத்தில் தோற்றது. வாக்காளரில் மூன்றிலொரு பங்கினர்கூட வாக்களிக்கவில்லை. அச்சினத்தில் பிறந்தவை அவர் பாஸ்டல் வண்ணக்கட்டிகளால் தீட்டிய ஓவியங்கள். கட்டில், நாற்காலி, வாளி. அவற்றிடையே மறைவிடத்தில் கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்கள். ஒருத்தி பள்ளிச் சீருடையில் இருக்கிறாள். இரத்தமில்லை; சிசுவுமில்லை. சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். சிலரோ நம்மையே நேராக நோக்குகின்றனர். பலரைச் சென்றடையும்பொருட்டு இவற்றை உலோகத் தகட்டில் செதுக்கி அச்சுப்படிகளாகவும் வெளியிட்டார். 2007இல் நடந்த மறுவாக்கெடுப்பில் சட்டத்திருத்தம் வென்றது.

சிசு இல்லாமை ஒரு குறையே என்பேன். 139ஆம் சங்கீதத்தைப் பிரசங்கிக்கிற எவரும் கருப்பையை வெற்றிடமாகக் காண இயலாது. ஆயினும் அதனைக் காட்டி இவ்வோவியங்களைத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. நம் பிரசங்கங்களில் நாம் சிசுவை மட்டும் வரைந்து தாயை விட்டுவிடுகிறோமல்லவா?

நம் நாட்டில் சட்டம் வந்த வழி வேறு. சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1971இல் இயற்றப்பட்ட சட்டம் தீர்மானத்தை மருத்துவரின் கருத்தில் வைத்தது. பெண்ணின் உரிமையென்று பேசவில்லை. உச்சநீதிமன்றம் மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரையிலான வாய்ப்பை விரித்து, அவளது உடல்சார்ந்த தன்னுரிமையை வலியுறுத்தியது 2022 செப்டம்பரில்தான்.

தமிழ்க்கலை இதனருகே வந்தபோது பெண் சிசுக்கொலையையே தொட்டது. பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ 1994இல் வெளிவந்தது; சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி அப்போது இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. அப்படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது ‘குடும்பநலம்’ என்னும் பிரிவில்! மீண்டும் அதே முக்கோணம். ஆண்மகவு வேண்டுமென்று மாமியார் வீட்டார் நெருக்க, கலைக்கச் செல்பவளுக்கு ‘உரிமை’ என்ற சொல் எவ்வாறு பொருந்தும்? ரேகோவின் அறைகளில் இந்த மாமியார் இல்லை. அங்கே மறுக்கப்பட்டது தெரிவு. இங்கே தெரிவு என்ற பெயரிலேயே அவள் அனுப்பப்படுகிறாள். ஆகவே இவ்வோவியங்களை அப்படியே நம் மண்ணுக்குக் கொண்டுவருதல் போதாது.

கல்வராயன் மலையடிவாரச் சபைகளுக்குச் செல்லவிருக்கும் மாணாக்கர்க்கு இப்படங்களைக் காட்டுவதுண்டு. அவள் செய்தது பாவமா என்பதே முதற்கேள்வியாக எழுகிறது. அவளோடு உடன் சென்றவர் யார் என்று இன்னும் ஒருவரும் கேட்டதில்லை.