கவனமாகப் படித்தும் ஏமாறுவது ஏன்?

பொய்ச்செய்தியை நம்புகிறவர்கள் மேலோட்டமாகப் படிப்பவர்கள் என்றே நினைக்கிறோம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்கும் சாரா மெக்ருவும் 2017இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நேர்மாறானதைக் காட்டியது. அதில் பங்கேற்ற 45 பேரில் 25 பேர் அப்பல்கலைக்கழக மாணவர்கள், 10 பேர் வரலாற்று ஆய்வாளர்கள், 10 பேர் தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள்.

பள்ளிகளில் நடக்கும் கொடுமைப்படுத்தல் பற்றி இரண்டு இணையப் பக்கங்கள் தரப்பட்டன. ஒன்று 1930இல் தொடங்கிய, பல்லாயிரம் குழந்தை மருத்துவர்களைக் கொண்ட அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் அமைப்புடையது. மற்றது, தன்பாலினத் தம்பதியர் குழந்தைகளைத் தத்தெடுப்பதை எதிர்த்து 2002இல் அதிலிருந்து பிரிந்த சிறு குழுவுடையது. பெரும்பாலான மாணவர்கள் பிரிந்த குழுவையே அதிகம் நம்பினார்கள். சோம்பலால் அல்ல, வரிவரியாகப் படித்துத்தான். விளம்பரமில்லாத பக்கம், கட்டுரைச் சுருக்கம், அடிக்குறிப்புகள் என்று கல்லூரி மதிக்கச் சொல்லித்தந்த அடையாளங்கள் எல்லாம் அங்கே இருந்தன. வரலாற்று ஆய்வாளர்களிலும் பலர் தடுமாறினார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, வேறு தாவல்களில் அந்த அமைப்பு யாருடையது என்று தேடினார்கள். ஒருவரும் தவறவில்லை.

மாணவர்களின் பொறுமையான வாசிப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். நூலுக்கும் ஆய்வேட்டுக்கும் அதுதான் வேண்டும். ஆனால், கொடுத்த பத்தியை மட்டும் வைத்துப் பதில் எழுது என்று ஆண்டுக்கணக்கில் பழக்கிவிட்டு, வெளியே தேடவில்லையே என்று மாணவரைக் குறைசொல்வது நியாயமில்லை.

வெளியே தேடும் முறைக்கும் எல்லை உண்டு. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சில காணொளிகள் பரவின. அவற்றில் ஒன்று புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இடையே நடந்த தகராறு என்று தமிழகக் காவல்துறை விளக்கியது. வாட்ஸ்அப்பில் வரும் இத்தகைய துண்டுக் காணொளியில் அமைப்பின் பெயரோ முகவரியோ இருக்காது. எதைத் தேடுவது? ஒரு காட்சியை நிறுத்திப் படமெடுத்து, அந்தப் படத்தைக் கொண்டு பின்னோக்கித் தேடத் தெரிய வேண்டும். தெரிந்தாலும், யாராவது சரிபார்த்து எழுதும்வரை தேடலில் ஒன்றும் சிக்காமல் போகலாம். மாணவர் விடுதியின் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் காணொளி பகிரப்படுவது அந்த நேரத்தில்தான். அதனால், 'இன்னும் தெரியவில்லை' என்பதையும் சரியான விடையாக ஏற்று மதிப்பெண் தரும் தேர்வு ஒன்றையாவது நம் கல்லூரிகள் வைக்க வேண்டும்.