நல்லெண்ணமும் நல்ல நூலும்

இஸ்லாமியத் தமிழிலக்கியம், வட்டார வரலாறு ஆகிய துறைகளில் அண்மையில் வெளிவந்த நூல்கள் சிலவற்றைச் சித்தையன்கோட்டையிலிருந்து வரவழைத்துப் படித்தோம். அவற்றுள் மூன்று நமக்குப் பெரிதும் ஏமாற்றம் அளித்தன. அவற்றின் குறைகள் இத்துறை நூல்கள் பலவற்றுக்கும் பொதுவானவை. ஆதலின் பெயர் சுட்டாது எழுதுகிறோம்.

முதலாவது, இலக்கிய வரலாறு. பல்சந்தமாலையின் காலத்தை அது ஐயத்திற்கிடமின்றி அறுதியிட்டுரைக்கிறது. அந்நூலில் இன்று எஞ்சியிருப்பவை 8 பாடல்களே என்பதையும், அவையும் களவியற் காரிகை உரையின் வழியே கிடைத்தன என்பதையும், அதன் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொல்லவில்லை. 1572-இல் மதுரையில் அரங்கேறிய ஆயிரமசலாவுக்கு ஆண்டும் ஆசிரியர் பெயரும் மட்டுமே தரப்பட்டுள்ளன. அந்த வினாவிடை நூல் எவ்வாறு அமைந்துள்ளது என்று ஒரு வரியும் இல்லை. ம. மு. உவைஸ் 1953-இலேயே வழிதிறந்தார், பின்னர் பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து பல தொகுதிகளாக விரிவான வரலாற்றையும் எழுதினார். அவ்வழியில் மேற்செல்ல வேண்டியவர்கள் பழைய பட்டியலையே சுருக்கித் தருவது வருந்தத்தக்கது.

இரண்டாவது, சீறாப்புராணப் பகுதிகளின் பதிப்பு. செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் 1842-இல் அச்சேற்றிய அக்காப்பியம் 5027 பாடல்களைக் கொண்டது. இன்றைய இளைஞர் அதனுள் நுழையச் சொற்பிரிப்பும், அரபுச் சொற்களுக்கு விளக்கமும் தேவை. இப்பதிப்பில் இரண்டும் இல்லை. நாட்டுப் படலத்தில் உமறுப்புலவர் அரபு நாட்டை ஆறும் வயலுமாகப் பாடியதற்குக் காரணம் என்ன? நெல்வயல் சூழ்ந்த ஊரில் வாழும் வாசகனுக்கு இயல்பாக எழும் இவ்வினாவை முன்னுரை தொடவேயில்லை, புகழுரையோடு முடிந்துவிடுகிறது.

மூன்றாவது, திண்டுக்கல் வட்டாரத்து முஸ்லிம்களின் வரலாறு. ஹைதர் அலி 1755-இல் திண்டுக்கல்லின் பவுஜ்தாராக வந்ததையும், 1790-இல் கோட்டை கும்பினியார் கைக்குப் போனதையும் விவரிக்கிறது. இவை முன்பே பலரும் எழுதியவை. வக்ஃபுப் பத்திரங்கள், மீஸான் கற்கள், ஜமாஅத்தின் பழைய கணக்கேடுகள் ஆகியவற்றுள் ஒன்றையேனும் ஆசிரியர் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அவை நாளுக்கு நாள் சிதைந்து வருகின்றன. பிறகு தேடினாலும் கிடைக்கமாட்டா.

தீனுக்காகச் செய்யப்பட்ட பணியில் குற்றம் காண்பது புறம்பேசுதல் ஆகாதா எனச் சிலர் தயங்குகின்றனர். ஹதீஸ் கலையில் 'ஜர்ஹ் வ தஅதீல்' எனும் தனித்துறையே உண்டு. யஹ்யா இப்னு மயீன் போன்ற இமாம்கள் அறிவிப்பாளர்களை எடைபோட்டபோது, பேணுதல் மிக்கவராயினும் நினைவாற்றல் குன்றியவரின் அறிவிப்பைப் பலவீனமானது என வெளிப்படையாகவே உரைத்தனர். ஒருவரின் இறையச்சம் வேறு, அவர் தரும் செய்தியின் உறுதி வேறு என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

அந்த அளவுகோலை நமது நூல்களுக்கும் பொருத்துவோம். இம்மூன்று நூல்களும் மறுபதிப்புக் காணுமாயின், மூலங்களை நேரிற் கண்டு திருத்தி வெளியிடுமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம். அவற்றை மீண்டும் வாங்கிப் படிக்கக் காத்திருக்கிறோம்.