பேக்கரிடம் எதைக் காப்பியடிப்பது?

சூழலுக்கேற்ற வீடு என்று பேச்செடுத்தாலே லாரி பேக்கர் பெயர் வந்துவிடும். பூசாத செங்கல் சுவர், ஓட்டை ஓட்டையாய் ஜாலி, நடுவில் முற்றம். 'பேக்கர் ஸ்டைல்' என்று இப்போது விற்பனையாவது இதுதான். ஆனால் பேக்கர் (1917–2007) செய்தது ஸ்டைல் இல்லை, கணக்கு. கணக்கைப் போட்டுப் பார்க்காமல் விடையை மட்டும் காப்பியடித்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் சுவர். செங்கலைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது 'ராட் ட்ராப் பாண்ட்'. செங்கல் சுமார் 25% மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தாமதப்படுத்தும். இது எந்த ஊருக்கும் பொருந்தும். பழகிய கொத்தனார் வேண்டும், அவ்வளவுதான். கலவை உள்ளே விழுந்து வெற்றிடம் அடைபட்டால் பலன் போச்சு.

அடுத்து ஃபில்லர் ஸ்லாப். தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், கான்கிரீட் இல்லை. அதனால் கம்பிகளுக்கு நடுவே மங்களூர் ஓடு வைத்து கான்கிரீட்டைக் குறைக்கலாம். அருமையான யோசனை. ஆனால் இதைக் 'குளிர்ச்சியான கூரை' என்று விற்பது மிகை. ஓடுகளுக்கு இடையில் இருக்கும் கான்கிரீட் வழியாக வெப்பம் இறங்கத்தான் செய்யும். மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சோ நிழலோ இல்லாமல் சித்திரை வெயிலைச் சமாளிக்க முடியாது.

சிக்கல் ஜாலியில்தான். புழுக்கமான ஊரில் உடம்பில் காற்று பட்டால்தான் வேர்வை காயும். திருவனந்தபுரத்தில் பேக்கர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையத்தில் மேட்டு நிலமும் மரங்களும் காற்றும் உண்டு. சென்னையில் 3 அடி தள்ளி அடுத்த வீட்டுச் சுவர் நின்றால் எந்தக் காற்று வரும்? கொசுவும் தூசியும்தான் வரும். பிறகு ஜாலிக்குப் பின்னால் கண்ணாடி போட்டு, ஏசியும் மாட்டுவோம். இந்த நெருக்கடியான மனைக்குப் பேக்கரிடம் முழு விடை இல்லை என்பதை அவருடைய ரசிகர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு குறிப்பு இருக்கிறது. அதே வளாகத்தின் கணினி மையத்துக்கு இரட்டைச் சுவர்: வெளியே ஜாலி, உள்ளே கணினிக்குத் தேவையான தனி அறை. வெளிச்சுவர் வெயிலைத் தடுக்கும், உள்சுவர் அறையைக் காக்கும். குளிரூட்டும் அறையும் காற்றோட்ட அறையும் வேறு வேறு என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்.

உங்களிடம் யாராவது பேக்கர் வீட்டுப் படத்தை நீட்டினால் இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்த மனையில் காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் போகும்? கூரைக்கு என்ன செய்திருக்கிறீர்கள்? பதில் வராவிட்டால், ஜாலிக்கான காசில் மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள்.