மேலிருக்கும் மூன்று சீட்டு

எங்கள் ஆச்சி ஆடுபுலி ஆட்டத்தில் எப்போதும் ஆட்டைத்தான் கேட்பாள். திண்ணையில் சாக்கட்டியால் கோடு இழுத்து, புலிக்கு மூன்று புளியங்கொட்டையும் ஆட்டுக்கு 15 கூழாங்கல்லும் எடுத்து வைப்போம். பிள்ளைகள் எல்லோருக்கும் புலிதான் வேண்டும். புலி தாவும், வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. 23 புள்ளிகளில் ஏதோ ஒன்றில் போய் நிற்க மட்டுமே தெரியும். ஆச்சி வைக்கிற ஒவ்வோர் ஆட்டுக்குப் பின்னாலும் இன்னோர் ஆடு நிற்கும். தாண்டிக் குதிக்கப் புலிக்குக் காலி இடம் அமையாது. கடைசியில் மூன்று புலியும் அசைய வழியின்றி நிற்கும்போது "கட்டியாச்சு" என்பாள், குரல் உயராமல்.

ஸ்ரீவைகுண்டத்தின் அதே திண்ணையில் இப்போது நானும் என் அக்கா மகனும் 'மேஜிக்: தி கேதரிங்' விளையாடுகிறோம். அசல் சீட்டுகளின் விலை எங்களுக்குக் கட்டாது. படங்களை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, சாதாரணச் சீட்டின் மேல் வைத்து உறையில் போட்டிருக்கிறோம். அவன் கையில் காப்ளின் என்கிற குட்டிப் பூதங்களின் பட்டாளம். என் கையில், ஆச்சியைப் போல, கட்டுகிற கட்டு.

1993இல் வெளிவந்த இந்த ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதக்காரர். சேர்க்கைகளை எண்ணும் கணிதப் பிரிவில் முனைவர் பட்டம் பெற்றவர். ரம்மியில் இருவருக்கும் ஒரே சீட்டுக்கட்டு. இங்கே அவரவர் கட்டை அவரவரே தேர்ந்து கட்டி வரவேண்டும்: குறைந்தது 60 சீட்டு, அடிப்படை நிலச் சீட்டு தவிர மற்ற எதிலும் நான்கு படிக்கு மேல் கூடாது, ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. ஒவ்வொரு மந்திரச் சீட்டின் மூலையிலும் அதன் விலை இருக்கும். நிலங்களிலிருந்து கிடைக்கும் 'மேனா'தான் அந்த விலைக்குப் பணம். புதிதாக வருகிறவர்கள் பெரிய மிருகங்களாகப் பொறுக்கி அடுக்குவார்கள். 1990களின் நடுவில் கலிஃபோர்னியாவின் பிரையன் வைஸ்மன் வேறு வழி பிடித்தார். 'தி டெக்' என்றே பெயர் பெற்ற அவருடைய கட்டில் அடித்து முடிக்க செர்ரா ஏஞ்சல் இரண்டுதான். மற்றவை பெரும்பாலும் தடுப்பதற்கும், எதிராளியைவிடக் கூடுதலாகச் சீட்டு எடுப்பதற்கும்.

அந்த வம்சத்தில் வந்தவற்றுள் என் மனம் நின்றுபோனது 'லெகசி' என்கிற ஆட்ட வகையில் உருவான 'மிராக்கிள்ஸ்' கட்டில். அதன் அழகு மூன்று சீட்டுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதில் இருக்கிறது.

முதலாவது, 2004இல் ஜப்பானியப் புராணங்களைத் தழுவி வந்த தொகுதியிலிருந்து ஒரு பம்பரம்: 'சென்செய்ஸ் டிவைனிங் டாப்'. ஒரு மேனா கொடுத்தால் கட்டின் மேலிருக்கும் மூன்று சீட்டைப் பார்த்து, வேண்டிய வரிசையில் திருப்பி வைக்கலாம். பம்பரத்தைச் சாய்த்தால் ஒரு சீட்டு எடுத்துக்கொண்டு, பம்பரத்தையே கட்டின் மேல் வைத்துவிடவேண்டும். இரண்டாவது, 2006இன் 'கவுண்டர்பேலன்ஸ்'. எதிராளி மந்திரம் இறக்கும்போதெல்லாம் நம் கட்டின் மேல்சீட்டைத் திருப்பிக் காட்டலாம். இரண்டின் விலையும் ஒன்றாக இருந்தால் அவர் மந்திரம் வீண். மூன்றாவது, 2012இன் 'டெர்மினஸ்'. களத்திலிருக்கும் மிருகம் அத்தனையையும் அவரவர் கட்டின் அடியில் தள்ளிவிடும். விலை ஆறு மேனா. ஆனால் அந்த முறையில் எடுக்கும் முதல் சீட்டாக அது வந்தால் ஒரே ஒரு வெள்ளை மேனா போதும்.

தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் ஏமாற்றும். பம்பரம் கையிருப்பைக் கூட்டாது. கவுண்டர்பேலன்ஸ் குருட்டு அதிர்ஷ்டம். டெர்மினஸ் முதல் கைச்சீட்டிலேயே வந்துவிட்டால் சுமை. பம்பரம் சுழலத் தொடங்கியதும் மூன்றும் வேறாகிவிடுகின்றன. எதிராளி இரண்டு மேனா மந்திரம் இறக்குகிறார். மேல் மூன்றில் இரண்டு விலைச் சீட்டு எதுவென்று பார்த்து மேலே ஏற்றுகிறேன். ஒரு மேனா மந்திரமா? பம்பரத்தைச் சாய்க்கிறேன். அது கட்டின் மேல் போய் உட்கார்கிறது. அதன் விலையும் ஒன்று! எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்காத நகர்வு இது. இதைவிட நுட்பம் ஒன்று உண்டு. 'எடுக்கும் முதல் சீட்டு' என்ற விதி எதிராளியின் முறைக்கும் பொருந்தும். அவர் பட்டாளத்தோடு பாய்ந்து வரும் நடுவிலேயே பம்பரத்தைச் சாய்த்து டெர்மினஸை எடுத்தால், ஒரு மேனாவில் களம் வெறுமையாகும்.

இதனால் கட்டைக் கட்டும்போது கண் வேறு இடத்தில் நிற்கப் பழகவேண்டும். மற்றவர்கள் சீட்டின் வலிமையைப் பார்க்கும் இடத்தில் நான் மூலையிலிருக்கும் எண்ணைப் பார்க்கிறேன். லெகசியில் புழங்கும் மந்திரங்களில் ஏராளமானவை ஒன்று, இரண்டு விலைதான். அதற்கு ஈடாக என் கட்டில் ஒன்றின் விலையில் 16, இரண்டின் விலையில் 9. ஒரு சீட்டை எடுத்துவிட்டு அதைவிட நல்லதைப் போடலாம் என்று தோன்றும். எண்ணிக்கை குலையும் என்றால் நல்ல சீட்டையும் விட்டுவிடவேண்டும். மேல் மூன்றும் உதவாதவையாக இருந்தால்? 'ஃபிளடட் ஸ்ட்ராண்ட்' போன்ற நிலச் சீட்டு கட்டிலிருந்து வேறொரு நிலத்தைத் தேடி எடுக்கும், பிறகு கட்டைக் கலைக்கவேண்டும். கலைத்தால் புதிய மூன்று. கைக்கு வந்துவிட்ட டெர்மினஸை மறுபடி மேலே ஏற்ற 'பிரெய்ன்ஸ்டார்ம்': மூன்று எடுத்து இரண்டைத் திருப்பி வை.

எல்லாவற்றையும் தடுக்கவேண்டும் என்ற ஆசைதான் தொடக்கத்தில் என்னைத் தோற்கடித்தது. எங்கள் ஊர் அணைக்கட்டில் மாலை நடை போகும்போது இதை அடிக்கடி நினைப்பேன். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் இது கடைசி; பிரிட்டிஷ் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஆற்றை அது தேக்கி வைப்பதில்லை. வடகால், தென்கால் மதகுகளில் நீர் ஏறுகிற அளவுக்கு மட்டத்தை உயர்த்திக் கொடுக்கிறது. மிச்சம் மேலே வழிந்து புன்னைக்காயல் பக்கம் கடலுக்குப் போகிறது. ஆட்டத்திலும் எதை வழியவிடுவது என்பதில்தான் கைப்பழக்கம் தெரியும். 20 புள்ளியில் கடைசி ஒன்றுதான் உயிர், மற்ற 19 செலவுக்கு. சின்னக் காப்ளின் ஒன்று தட்டித் தட்டி 12க்கு இறக்கட்டும். இன்னும் இரண்டு காப்ளின் வந்து சேரட்டும். மூன்றையும் ஒரே டெர்மினஸில் அனுப்பலாம்.

"என்னைய வெளையாடவே விட மாட்டேங்கிய மாமா" என்று மருமகன் முதலில் சலித்துக்கொள்வான். அவன் மனத்தாங்கல் நியாயம். போட்டிகளிலும் இந்தக் கட்டின் ஆதிக்கம் நீண்டது. பம்பரத்தை ஓயாமல் பார்ப்பதில் நேரமும் கரைந்தது. 2017 ஏப்ரலில் லெகசியில் பம்பரத்துக்குத் தடை வந்தது. போட்டி நடத்துகிறவர்கள் நிலையில் அது சரியான முடிவு என்றே சொல்வேன். திண்ணையில் கடிகாரம் இல்லை. இங்கே அது சுழல்கிறது.

மருமகன் கற்றுக்கொண்டுவிட்டான். போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று விலையிலும் இரண்டு விலையிலும் எதையும் இறக்காமல் காத்திருந்தான். என்னிடம் மூன்று விலையில் சீட்டு அரிது என்பது அவனுக்குத் தெரியும். 'காப்ளின் வார்சீஃப்' இறக்கினான், விலை மூன்று. பம்பரத்தைச் சுழற்றிப் பார்த்தேன்: ஒரு நிலம், ஒரு பிரெய்ன்ஸ்டார்ம், ஒரு 'என்ட்ரீட் தி ஏஞ்சல்ஸ்'. கடைசியில் சொன்னது ஆட்டத்தை முடிப்பதற்காக வைத்திருக்கும் சீட்டு, தேவதைகளைக் கூட்டமாக அழைப்பது. அதை மேலே வைத்துத் திருப்பினேன். அவன் குனிந்து மூலையைப் பார்த்தான். இரண்டு எக்ஸ், மூன்று வெள்ளைச் சூரியன். கட்டில் கிடக்கும்போது எக்ஸுக்கு மதிப்பு பூஜ்யம் என்பது அவனுக்குத் தெரியும். சூரியன்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினான். பிறகு வார்சீஃபை எடுத்து ஓரமாக வைத்தான்.