முதிராத கருத்துக்கு அவையில் இடமுண்டோ?

கருத்தரங்குகளுக்கு இன்று நம்மிடையே பஞ்சமில்லை. 2010ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகள் கருத்தரங்கக் கட்டுரைக்கும் மதிப்பெண் வழங்கின. அதன்பின் கட்டுரை படிப்போர் பெருகினர், கேட்போர் பெருகினாரல்லர். மதிப்பெண்ணை நாடவேண்டாத அவைகளிலும் இவ்வழக்கம் புகுந்துவிட்டது. முடிந்த முடிபை அறிவித்துச் சான்றிதழ் பெற்றுச் செல்லும் மேடையாகவே கருத்தரங்கு கருதப்படுகிறது. இதற்கு மாற்றாக, இன்னும் முதிராத, வழக்கத்துக்கு மாறான கருத்துகளை அச்சமின்றி எடுத்துரைக்கத் தனி அவைகள் வேண்டும் என்று சிலர் கூறிவருகின்றனர். அவர்கள் கூற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் அத்தகைய அவையில் எதைக் கேட்க வேண்டும் என்பதை அவர்கள் போதிய அளவு ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

வந்தவாசியிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் சாலையில் மாமண்டூர் உள்ளது. மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகளைக் காணச் செல்வோர் பலர். அவற்றினும் பழைய தமிழ்-பிராமி எழுத்து அங்குப் பாறையில் இருப்பதை அறிந்தோர் சிலரே. அதன் மொழி தமிழ் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு நூற்றாண்டுக்கு முன் இவ்வகை எழுத்துகளைத் தமிழ் என்று கூறத் துணிவு வேண்டியிருந்தது.

பாண்டிநாட்டுக் குகைகளில் காணப்படும் இத்தகைய எழுத்துகளைப் பற்றி எச். கிருஷ்ண சாஸ்திரி 1919இல் பூனாவில் கூடிய முதலாவது அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டில் கட்டுரை படித்தார். பிராமி எழுத்தில் இருப்பது பிராகிருதமாகவே இருக்கும் என்னும் எண்ணம் ஓங்கியிருந்த காலம் அது. ஐந்தாண்டு கழித்து, 1924இல், அம்மாநாட்டின் மூன்றாம் கூட்டம் சென்னையில் நடைபெற்றபோது கே. வி. சுப்பிரமணிய ஐயர் அக்கல்வெட்டுகளின் மொழி தமிழே என்று வாதிட்டார். அவர் வெறும் ஊகத்தோடு வரவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். ழ, ற, ன எனத் தமிழுக்குரிய ஒலிகளைக் காட்டும் வடிவங்களை அவர் இனங்கண்டிருந்தார். அவ்வடிவங்கள் வேறொன்றைக் குறிப்பன என எவரேனும் நிறுவியிருந்தால் அவர் கருத்து அன்றே வீழ்ந்திருக்கும்.

எனினும் அவருடைய வாசிப்பு முழுமையானதன்று. பல சொற்கள் பின்னாளில் திருத்தப்பட்டன. இடர்ப்பாடு உயிர்க்குறியில் இருந்தது. அசோகர் எழுத்து முறையில் குறியற்ற மெய்வடிவத்துக்குள் அகரம் அடங்கியிருக்கும்; மேற்கோடு நெடிலான ஆகாரத்தைக் காட்டும். பழைய தமிழ் முறையிலோ குறியற்ற வடிவம் தூய மெய்யாகவும் நிற்கும். அக்கோடு குறிலுக்கும் நெடிலுக்கும் பொதுவாக வரும். ஆகவே 'மகன்' என்னும் சொல்லை அசோகர் முறைப்படி படித்தால் 'மாகான' என்று ஒலிக்கும். இவ்விதம் படித்தவருக்கு அது தமிழாகத் தோன்றாததில் வியப்பென்ன? 1924க்குப் பின்னரும் அவற்றைப் பிராகிருதமாகவே வாசிக்க முயன்றோர் இருந்தனர். ஆட்சிப்பணி அலுவலராயிருந்த ஐராவதம் மகாதேவன் 1966இல் சென்னைக் கல்வெட்டுக் கருத்தரங்கில் இக்கல்வெட்டுகளின் தொகுப்பை முன்வைத்தார். அவருடைய விரிவான நூல் 2003இல்தான் வெளிவந்தது.

இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? ஐயரைப் பேசவிட்ட மாநாட்டைக் குறைகூற நமக்கு மனமில்லை. அவர் கட்டுரையை ஆதாரங்களோடு அச்சிட்டு வைத்ததும் அதுவே. ஆனால் பேசவிடுதல் ஒன்று, பேசியதைத் தொடர்ந்து சோதித்தல் மற்றொன்று. முன்னதற்கு மேடை கிடைத்தது; பின்னதற்கு அவை கிடைக்கவில்லை.

நம் இறையியல் உலகிலும் இத்தகைய முதற்பேச்சு ஒன்று உண்டு. அது வேறுவிதமாக முடிந்தது. அரவிந்த் பி. நிர்மல் 1981 ஏப்ரலில் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியின் கேரி சங்கத்தில் சூத்திர இறையியல் என்னும் கருத்தை முன்வைத்தார். உரையின் பெயரே நிலைக்கவில்லை. விவாதம் வளர வளர அது தலித் இறையியல் ஆயிற்று; சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அதற்கெனத் துறை அமைந்து, நிர்மலே அதனை ஏற்றார். 'சூத்திரர்' என்ற சொல், வருணத்துக்குப் புறம்பே நிறுத்தப்பட்ட மக்களைச் சுட்டாது. அக்குறை வெளிப்பட்டதும் பெயர் மாறியதும் பேச்சு தொடர்ந்ததன் பயனே என்பது நம் கருத்து.

ஆதலின், புதுமை என்ற பெயரில் சோம்பலுக்கு இடங்கொடுக்கும் அவைகளை நாம் ஏற்பதற்கில்லை. 'இது என் ஆரம்ப எண்ணம்தான்' என்று கூறி எதிர்க்கேள்விக்கு வாயடைப்பவர் முதிராத கருத்தைக் கொண்டுவரவில்லை, வெறுங்கையோடு வந்திருக்கிறார். (இவருக்கும் பொன்னாடை தவறுவதில்லை.) தம் கருத்து எந்த இடத்தில் உடையக்கூடும் என்பதைக் கட்டுரையாளரே முதலில் காட்டட்டும். அவருக்குப் பதினைந்து நிமிடம் போதும். கேட்போரின் ஆட்சேபத்துக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கலாம். எழுந்த ஆட்சேபங்களை ஒருவர் எழுதி வைத்து, ஓராண்டு சென்றபின் அதே அவையில் வாசிக்க வேண்டும்.