விசிறி நிற்கக் கூடாது

ஒரு விமானத்திலிருந்து பக்கத்தில் பறக்கும் இன்னொரு சிறு விமானத்தை எடுத்த படம் கையில் கிடைத்தால் என் கண் முதலில் அதன் மூக்குக்குத்தான் போகும். புரொப்பெல்லர் எப்படி விழுந்திருக்கிறது? இரண்டு பிளேடும் வார்னிஷ் பளபளப்போடு அசையாமல் நின்றால் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் படம் எனக்கு ஒட்டாது. என்ஜின் அணைந்துபோன விமானம் ஆகாயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். பிளேடுகள் கரைந்து மெல்லிய வட்டமாகி, அந்த வட்டத்துக்குப் பின்னால் விமானி போட்டிருக்கும் தொப்பியின் விளிம்புவரை துல்லியமாகத் தெரிந்தால், எடுத்தவர் தொழில் தெரிந்தவர்.

இது லேசில் வராது. பைப்பர் ஜே-3 கப் விமானத்தை எடுத்துக்கொள்வோம். 65 குதிரைத்திறன் என்ஜின், இரண்டு பிளேடு மரப் புரொப்பெல்லர். நிதானமாகப் போகும்போது நிமிடத்துக்குச் சுமார் 2,100 சுற்று, அதாவது நொடிக்கு 35. ஷட்டரை 1/1000 நொடியில் வைத்தால் அதற்குள் பிளேடு 13 டிகிரிகூடத் திரும்பாது, உறைந்து நிற்கும். 1/125இல் 100 டிகிரி. பாதி வட்டத்துக்கு மேல் நிரம்பிவிடும். பெரும்பாலோர் இதோடு திருப்திப்படுவார்கள். முழு வட்டம் வேண்டுமென்றால் 1/70 நொடிக்கும் கீழே, 1/60க்கு இறங்க வேண்டும். தரையில் நின்றுகொண்டே நீள லென்ஸை 1/60இல் கை நடுங்காமல் பிடிப்பது சிரமம். இங்கே உட்கார்ந்திருக்கும் விமானம் அதிர்கிறது, எதிரே இருக்கும் விமானம் மிதந்து ஏறி இறங்குகிறது, நடுவில் காற்று அறைகிறது. கைபேசியில் எடுத்தால் தொல்லை வேறு விதம்: அதன் சென்சார் படத்தை வரிவரியாக வாசிப்பதால் பிளேடுகள் வளைந்து, துண்டு துண்டாக மிதக்கும்.

கை தேர்ந்தவர்கள் இதற்கு ஒழுங்குகள் சில வைத்திருக்கிறார்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்வார்கள்; கதவுச் சட்டத்தில் சாய மாட்டார்கள், சாய்ந்தால் என்ஜின் அதிர்வு நேரே கேமராவுக்கு வந்துவிடும். லென்ஸின் நுனி காற்றோட்டத்துக்குள் நீண்டுவிடாமல் உள்ளேயே வைத்திருப்பார்கள். லென்ஸ் மூடாக்கைக் கழற்றிவிடுவார்கள். ஜூம் வளையம் தானாகத் திரும்பாமலிருக்க டேப் ஒட்டுவார்கள். கேமராவுக்கு அடியில் சுழலும் ஜைரோவை மாட்டுபவர்களும் உண்டு. இத்தனையும் செய்து நூறு எடுத்தால் கூர்மையாக வந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எதிலிருந்து எடுப்பது? பீச்கிராஃப்ட் பொனான்ஸா ஏ36 இதற்குப் பேர்போனது. பின்பக்க இரட்டைக் கதவைக் கழற்றிவிட்டுப் பறக்கலாம். செஸ்னா 172இல் ஜன்னலைப் பிடித்திருக்கும் சின்னத் தாங்குகம்பியின் திருகைக் கழற்றினால் போதும், பறக்கும்போது காற்றே ஜன்னலை மேலே தூக்கி இறக்கையோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளும். இதற்குப் பயிற்சியாளராக இருக்கும் விமானிதான் தோது. வலப்பக்க இருக்கையிலிருந்து ஓட்டி அவருக்குப் பழக்கம். இடப்பக்கத்தைப் புகைப்படக்காரருக்கு விட்டுக்கொடுத்துவிடலாம்.

கப்பை எடுக்க இடப்பக்கம்தான் வேண்டும். காரணம் அதன் கதவு வலப்பக்கத்தில் இருக்கிறது. மேல் பாதி இறக்கையை நோக்கி மடியும், கீழ்ப் பாதி வெளியே தொங்கும். திறந்து வைத்தபடியே பறக்கலாம். தனியாகப் பறப்பவர் பின் இருக்கையில்தான் உட்காருவார். நம் இடப்பக்கம் சற்றுப் பின்னால் கப் பறந்தால் திறந்த கதவு, காலி முன் இருக்கை, பின்னால் மனிதர் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். கண்ணாடிக்கு முன்னால் பெட்ரோல் தொட்டியின் மூடியிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். எரிபொருள் மானி அதுதான்: தக்கையில் செருகிய கம்பி. பெட்ரோல் குறையக் குறையக் கம்பியும் இறங்கும். நல்ல படத்தில் அந்தக் கம்பி எவ்வளவு வெளியே இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

வெளிச்சம் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். உச்சி வெயிலில் இறக்கையின் மேல்புறம் வெளுத்து, வயிறு கறுத்துவிடும். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையும் மாலையுமே நேரம்; காற்றும் அப்போதுதான் அலைக்கழிக்காது. ஆனால் இரண்டில் எது என்பதை இடம் முடிவு செய்யும். ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் சிறு விமானங்கள் திரளும் அமெரிக்காவின் ஆஷ்காஷ், வின்னபேகோ ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. மஞ்சள் கப்புக்குப் பின்னால் நீலத் தண்ணீர் வேண்டுமென்றால் மாலைதான் சரி. கரையோரமாகத் தெற்கு நோக்கிப் பறந்தால் இடப்பக்கம் கப், அதற்கப்பால் ஏரி, வலப்பக்கம் சாயும் சூரியன். பின்னணியை மாற்றவும் வழி உண்டு. இரண்டு விமானமும் சேர்ந்து இடப்பக்கம் சாய்ந்து திரும்பினால் கப்புக்குப் பின்னால் நிலம் ஏறி வரும். வலப்பக்கம் சாய்ந்தால் வெறும் வானம். முழு வட்டம் அடித்தால் எல்லாக் கோணத்து வெளிச்சமும் விமானத்தின் மேல் ஒருமுறை ஓடிவிடும்.

இப்படித் திரும்பச் சொல்வது புகைப்படக்காரர். திரும்புவது இரண்டு விமானிகள். படத்தின் முக்கால் பங்கு அவர்கள் கையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. கேமரா இருக்கும் விமானம் முன்னோடி. ஒரே உயரம், ஒரே வேகம், வெண்ணெய் வெட்டுவது போன்ற திருப்பம் இவையே அதன் வேலை. கப்பின் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர்தான். செஸ்னா ஃபிளாப்பைக் கொஞ்சம் இறக்கி அதற்கு இணையாகத் தவழ வேண்டும். வேகமான விமானத்தை மெதுவான கேமரா விமானத்தின் பக்கத்தில் நிறுத்தினால் அது மூக்கைத் தூக்கிக்கொண்டு தடுமாறும். படத்தில் அந்தச் சங்கடம் அப்படியே பதியும். பக்கத்தில் வரும் விமானியோ முன்னோடியை விட்டுக் கண்ணை எடுக்கவே கூடாது. நிஜப் படங்களில் விமானி நம் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான். போஸ் கொடுக்கவில்லை, உயிர் பிழைக்கப் பார்க்கிறார். முன்னோடி கண்ணிலிருந்து மறைந்தால் எந்தப் பக்கம் விலகுவது என்பதைத் தரையிலேயே பேசி முடித்திருப்பார்கள். முன்கூட்டியே பேசி வைக்காமல் இப்படிச் சேர்ந்து பறப்பதை அமெரிக்க விதி தடுக்கிறது.

விதி வீணானதல்ல, நெருங்கிப் பறப்பது ஆபத்தானது. 1966 ஜூன் 8 அன்று ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் விளம்பரப் படத்துக்காக, அதன் என்ஜின் பூட்டிய ஐந்து விமானங்கள் கலிஃபோர்னியாவில் நெருங்கிப் பறந்தன. எஃப்-104 ஒன்று பிரம்மாண்டமான எக்ஸ்பி-70 வால்கிரியோடு மோதியது. ஜோ வாக்கர், கார்ல் கிராஸ் இருவரும் இறந்தார்கள். ஓட்டியவர்கள் தேர்ந்த சோதனை விமானிகள்.

இந்தக் கலையில் என் விருப்பத்துக்குரியவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் சார்லஸ் இ. பிரவுன் (1896–1982). மேகத்துக்கு மேல் அவர் எடுத்த ஸ்பிட்ஃபயர் படங்கள் இன்றும் பழசாகவில்லை. இன்னொருவர் அமெரிக்காவின் விச்சிட்டா நகரத்துப் பால் போவன். பழைய பி-25 குண்டுவீச்சு விமானத்தின் வால்புறத்தில், துப்பாக்கி வீரர் உட்கார்ந்த இடத்தில் அமர்ந்து, பின்னால் வரும் ஜெட்டை முகத்துக்கு நேரே எடுப்பார். பனிமூட்டத்தை உரசிப்போகும் செஸ்னா சைட்டேஷன் தனக்குப் பின்னால் பள்ளம் பறித்து, இரு ஓரத்திலும் சுருள் விட்டுச் செல்லும் அவருடைய படம் ஒன்றை, இறக்கை காற்றைக் கீழே தள்ளுவதை விளக்கப் பாடநூலிலும் சேர்த்திருக்கிறார்கள். நூறு சூத்திரம் சொல்லாததை அந்தப் பள்ளம் சொல்லிவிடுகிறது.

இதழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய படத்தைப் போடும்போது கேமராவைப் பிடித்தவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். விமானிகள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் மூன்று பெயருக்கு இடம் இருக்கிறது; மூன்றையும் போடுங்கள்.